தொட்டால் ஒட்டாத நோய்

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



எந்தப் பொருள் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் வினவியபோது, சொரியாசிஸ் என்னும் தோல் நோயைப் பற்றி என்று கூறினோம். அவர் சற்றே தயங்கினார். சமயமும் தமிழும் பேசுகின்ற மேடையில் படையையும் செதிலையும் பற்றிப் பேசுவதா என்று அவர் வாய் திறந்து கேட்கவில்லை; ஆனால் முகம் கேட்டது. அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்கே இந்தப் பொருளை எடுத்துக்கொண்டோம். நாம் வைத்தியர் அல்லோம். இந்த நோயோடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடித்தனம் செய்து வருகிறோம். அந்த ஓர் உரிமையோடுதான் உங்கள் முன் நிற்கிறோம்.

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்லிவிடுகிறோம். எமக்கு அப்போது இருபது வயதிருக்கும். கண்டியை அடுத்த ஓர் ஊர்க் கோயிலிலே திருவிழா. மகேசுர பூசைக்குச் சனம் திரண்டிருந்தது. வேட்டியும் சால்வையுமாகச் சாம்பார் வாளியோடு பந்தியில் இறங்கினோம். முழங்கையிலும் புறங்கையிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் படர்ந்திருந்த காலம் அது. மேலில் சட்டை இல்லாதபடியால் மறைப்பதற்கும் வழியில்லை. இரண்டு இலைகள் தாண்டியிருப்போம். பெரியவர் ஒருவர் வந்து கரண்டியை மெல்ல வாங்கிக்கொண்டார். "தம்பி, நீர் பின்னால் போய் விறகைப் பாரும். இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அவர் பொல்லாதவர் அல்லர். கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தார். ஆனால் அன்று விறகடுப்பின் முன் நின்றவன் அதன்பின் நான்கு ஆண்டுகள் அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. சங்கத்துக்கும் வரவில்லை. உச்சி வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிந்தே திரிந்தான். தலைமயிர் வெட்டச் சலூனுக்குப் போகவும் கூசினான். நோய் தந்த துன்பம் ஒரு பங்கு என்றால், ஒதுக்கம் தந்த துன்பம் ஒன்பது பங்கு. இன்று எம் முன்னால் அமர்ந்திருக்கும் இளைஞர்களுள் எவரேனும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவருக்காகவும், கரண்டியை வாங்கிக்கொள்ளக் கூடிய நல்ல மனிதர்களுக்காகவும் பேசுகிறோம்.

நோய் யாது?

நமது தோல் நாள்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அடியிலே புதிய கலங்கள் பிறந்து, மெல்ல மெல்ல மேலேறி, முதிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாக உதிர்ந்துபோகின்றன. இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். சொரியாசிஸ் உள்ள இடத்திலே இந்த ஒரு மாத வேலை நாலைந்து நாள்களில் நடந்துவிடுகிறது. நம் மலைநாட்டவருக்குத் தேயிலையைக் கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். பறித்த கொழுந்து வாட வேண்டிய நேரம் வாடி, பிறகு அரைபட்டு, பிறகு காய வேண்டும். வாடுவதற்கு நேரம் கொடாமல் மூடை மூடையாகக் கொழுந்து வந்து குவிந்தால் தொழிற்சாலை என்ன பாடுபடும்? அப்படித்தான் முதிராத கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, தடித்த திட்டாகி, வெள்ளி நிறச் செதிலாக உதிர்கின்றன.

இவ்வளவு அவசரம் ஏன்? நம் உடலைக் காக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி, வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்ப்பதற்குப் பதிலாகத் தன் தோலையே பகையென எண்ணித் தூண்டிவிடுகிறது. காவற்காரன் வீட்டுக்காரனையே கள்ளன் என்று எண்ணி அடிப்பதைப் போன்றது இது. இங்கே கிருமி இல்லை. ஆகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதற்கும் ஒன்றுமில்லை. கைகுலுக்கினாலும், ஒரே பாயில் படுத்தாலும், ஒரே கோப்பையில் தேநீர் குடித்தாலும், உதிர்ந்த செதில் மேலே பட்டாலும் ஒட்டாது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் எமக்குப் போதும்.

முழங்கை, முழங்கால், தலை, முதுகின் அடிப்பகுதி ஆகியவை இந்நோய் விரும்பி இருக்கும் இடங்கள். நகத்திலே ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் விழுவதும் உண்டு. வெள்ளைக்காரர் தோலில் திட்டுச் சிவப்பாகத் தெரியும். நம் தோலிலோ கறுத்த ஊதாவாக அல்லது கபில நிறமாகத் தோன்றும். பெரும்பாலும் வாலிபப் பருவத்திலேயே தலைகாட்டும். சிலருக்குத் தொண்டை நோவு வந்து இரண்டு மூன்று வாரங்களில் உடம்பெங்கும் மழைத்துளி தெறித்தாற்போலச் சிறு சிறு திட்டுகள் தோன்றும். சித்த வைத்தியர்கள் இந்நோயைக் காளாஞ்சகப்படை என்பர். உலகத்தில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இது உண்டென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2014 மே மாதத்தில், உலக சுகாதார மகாசபை இந்நோய் பற்றித் தீர்மானம் ஒன்று நிறைவேற்றி, நோயாளரை ஒதுக்கும் வழக்கத்தை எதிர்க்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஒக்டோபர் 29ஆம் நாள் உலக சொரியாசிஸ் நாளாக அனுட்டிக்கப்படுகிறது.

அச்சம் எங்கிருந்து வந்தது?

நம் பெரியோரின் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நெடுங்காலமாகச் சொரியாசிசையும் குட்டநோயையும் ஒன்றென்றே உலகம் எண்ணியது. ஐரோப்பாவிலும் அப்படியே. வியன்னா நகரத்து வைத்தியர் எபிரா என்பவர் 1841ஆம் ஆண்டில்தான் இவை முற்றிலும் வேறான நோய்கள் எனத் திட்டமாக நிலைநாட்டினார். நமது நாட்டிலோ ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் ஹெந்தளையில் குட்டநோயாளருக்கென ஆஸ்பத்திரி அமைத்தனர். 1901ஆம் ஆண்டில் ஆங்கில அரசு சட்டம் இயற்றி அந்நோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்தது. மேலிலே ஒரு திட்டுக் கண்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று நம் பாட்டன்மார் நடுங்கியதில் வியப்பில்லை. அந்த நடுக்கம் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

குட்டநோயாளரையும் ஒதுக்க வேண்டும் என்று நாம் கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். 1980களில் வந்த கூட்டு மருந்தினால் அந்நோயும் முற்றாகக் குணமாகிறது. மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மையை இழந்துவிடுகிறது. வெளிறிய திட்டு இருந்து, அதிலே தொட்டாலும் குத்தினாலும் உணர்ச்சி குறைந்திருந்தால், தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சொரியாசிஸ் திட்டிலே உணர்ச்சி கெடுவதில்லை. அரிப்பும் எரிவும் நன்றாகவே தெரியும். எது எதுவென வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். பக்கத்து வீட்டார் சொல்ல வேண்டாம்.

முன்செய்த பாவம் என்று சிலர் கூறுவர். வினைப்பயனை ஆராய்வது இறைவனுடைய வேலை. நமக்கு இட்ட வேலை வேறு. பெருநோயினால் உடல் சிதைந்தவராயினும் சிவபிரானிடம் அன்புடையவர் என்றால் அவரே தாம் வணங்கும் கடவுள் என அப்பர் சுவாமிகள் பாடியிருக்கிறார். 1927 நவம்பரில் நமது கண்டிக்கும் வந்துபோன காந்தியடிகள், பிற்காலத்திலே சேவாக்கிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரி என்னும் குட்டநோய்ப்பட்ட வடமொழிப் பண்டிதரைத் தம் ஆசிரமத்தில் ஏற்று, தம் கையாலேயே புண் கழுவித் தொண்டு செய்தார். தொற்றக்கூடிய நோய் உடையவரையே பெரியோர் தொட்டிருக்க, தொற்றாத நோய் உடையவரைக் கண்டு நாம் விலகி உட்காருவது நமது சமயத்துக்கு அடுக்குமா?

நாம் செய்த பிழைகள்

இனி எமது மடமையையும் ஒளியாமல் சொல்ல வேண்டும். கோயிலை விட்டு விலகிய காலத்தில், ஒரே வாரத்தில் குணம் தருவதாகச் சொன்னவர் பின்னாலெல்லாம் ஓடினோம். மருந்துக்கடையிலே கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினோம். பத்து நாளில் தோல் பளபளத்தது. விட்டதும் முன்னிலும் அதிகமாக வந்தது. பிறகு பெயரில்லாத ஒரு தூளைத் தேனில் குழைத்து உண்டோம். அதிசயமாக எல்லாம் மறைந்தது. காசு தீர்ந்தது, தூளும் நின்றது. இரண்டே வாரத்தில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தோல் முழுவதும் சிவந்து, குளிர் நடுங்கி, ஆஸ்பத்திரியில் படுத்தோம். அந்தத் தூளிலே ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம் என்று பின்னர் வைத்தியர் விளக்கினார். ஸ்டீரொயிட்டை உட்கொண்டு திடீரென நிறுத்தினால் இந்நோய் சீறி எழும்; சில வேளை உயிருக்கும் ஆபத்தாகும்.

அந்த வைத்தியர் கூறிய ஒரு சொல் எமது வாழ்வைத் திருப்பியது. "இதை அடியோடு பிடுங்கி எறிய மருந்து இல்லை. ஆனால் அடக்கி வைக்க மருந்து உண்டு. நீரிழிவுக்காரர் எப்படி வாழ்கிறாரோ அப்படி நீங்களும் வாழலாம்" என்றார். பொய்யான நம்பிக்கை போனது. மெய்யான நம்பிக்கை வந்தது.

மருந்தும் முறையும்

மருந்துகள் படிப்படியாக உள்ளன. திட்டுகள் சிலவாயின் பூச்சு மருந்தே போதும். தோலை நெகிழ வைக்கும் வாசலின் போன்ற களிம்பு, செதிலைக் கரைக்கும் சலிசிலிக் அமிலம், நிலக்கரித் தார், வைற்றமின் டி வகைக் களிம்பு, அளவோடு ஸ்டீரொயிட் களிம்பு ஆகியவை அவை. தார் மணக்கும், துணியிலே கறை படியும்; ஆனால் பயன் தரும். வலிய ஸ்டீரொயிட் களிம்பை முகத்திலும் அரையிடுக்கிலும் தாமாகப் பூசலாகாது; தோல் மெலிந்துவிடும்.

நோய் பரந்திருந்தால் ஒளிச் சிகிச்சை உண்டு. ஞாயிற்றொளியிலுள்ள ஊதாக்கடந்த கதிரின் ஒரு கூற்றை அளந்து, வாரத்தில் இரண்டு மூன்று முறை உடலில் படச் செய்வார்கள். அதற்கும் மேற்பட்டால் மெதொட்ரெக்சேற் போன்ற குளிசைகள். இந்த இடத்தில் எல்லோரும் கவனமாகக் கேட்க வேண்டும். சொரியாசிசுக்கு மெதொட்ரெக்சேற் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளும் மருந்து. நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தோர் உலகத்தில் உண்டு. எந்தக் கிழமை என்பதைக் குளிசைப் பெட்டியின் மேலே தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். இரத்தப் பரிசோதனையைத் தவற விடலாகாது, மதுவைத் தொடலாகாது. இந்த மருந்து எடுக்கும் பெண்கள் கருத்தரிக்கலாகாது. பிள்ளைப்பேற்றை எண்ணுவோர் ஆணாயினும் பெண்ணாயினும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அண்மைக் காலத்தில் ஊசி மூலம் ஏற்றும் உயிரியல் மருந்துகளும் வந்துள்ளன. மிகுந்த பயன் உடையன, விலையும் மிகுதி.

கண்டிப் பெரியாஸ்பத்திரியிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் தோல் நோய்க் கிளினிக்குகள் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியரைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ வருகின்ற தோட்டத்துப் பெண்ணுக்குக் கிளினிக் நாள் என்றால் ஒரு நாட் சம்பளம் போயிற்று. பஸ் காசும் போயிற்று. மருந்து பாதியில் நிற்பதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அன்று என்பதை நகரத்தில் இருக்கும் நாம் உணர வேண்டும்.

வீட்டிலே செய்யத்தக்கவை சில. மார்கழியில் திருவெம்பாவைக்கு எழுந்து குளிக்கும்போது, குளிருக்குப் பயந்து கொதிக்கும் நீரை ஊற்றலாகாது, இளஞ்சூடு போதும். கடுஞ் சவர்க்காரம் வேண்டாம். துவட்டிய உடனே, ஈரம் முற்றும் உலருமுன், களிம்போ தேங்காயெண்ணெயோ பூசுக. வாசலின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். ஆகையால் அடுப்பருகிலும் கர்ப்பூரத் தட்டருகிலும் எச்சரிக்கை தேவை. காலை இளவெயில் நல்லது. வெந்துபோகுமளவு காய்வது தீது. செதிலை நகத்தால் பிய்க்கலாகாது.

இந்நோய்க்கு ஒரு குணம் உண்டு. தோலிலே எங்கே காயம் பட்டாலும், சிலருக்கு அந்த இடத்திலேயே புதிய திட்டு எழும். தேயிலைச் செடி கீறிய இடத்தில் வரும். பச்சை குத்திய இடத்திலும் வரும். ஆகவே அலகு குத்திக் காவடி எடுக்க நேர்ந்துகொண்ட இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோய் மும்முரமாக இருக்கும் காலத்தில் அலகைத் தவிர்த்துப் பாற்குடம் எடுங்கள். முருகப்பெருமான் குறைவாக எண்ணமாட்டார்.

பத்தியம் பற்றிக் கேட்பர். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என ஆளுக்கொன்று சொல்வர். எல்லோருக்கும் பொதுவான பத்தியம் என்று எதுவும் நிலைநாட்டப்படவில்லை. ஆனால் உடற்பருமன் குறைந்தால் நோயும் தணியும் என்பது உண்மை. மதுவும் புகையும் நோயை வளர்க்கும். மன உளைச்சலும் அவ்வாறே. சில இரத்த அழுத்த மருந்துகளும், மலேரியா மருந்தும், மனநோய்க்குத் தரும் லிதியமும் இதனைக் கிளப்பக்கூடும். ஆகவே எந்த வைத்தியரிடம் சென்றாலும் "எனக்குச் சொரியாசிஸ் உண்டு" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

இது தோலோடு நிற்கும் நோயும் அன்று. பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு மூட்டு வாதமும் சேரும். விடியற்காலையில் விரல் மடங்காமை, ஒரு விரல் முழுவதும் வீங்குதல், குதிக்கால் வலி என்பவை கண்டால் உடனே சொல்ல வேண்டும். பிந்தினால் மூட்டு நிரந்தரமாகச் சிதையும். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றையும் இடைக்கிடை பரிசோதித்துக்கொள்வது நன்று.

தாய்மார்களே, கலியாணப் பேச்சில் இந்நோயை மறைத்து வைத்துப் பின்னர் பெண்ணைக் கண்ணீர் விடச் செய்வது எத்தனை வீடுகளில் நடக்கிறது! குடும்பத்தில் தொடரும் தன்மை இந்நோய்க்கு ஓரளவு உண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும் தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு வருவதில்லை. மறைக்காமல் சொல்லிச் செய்த கலியாணம் எம்முடையது. கேட்டுவிட்டுச் சம்மதித்தவரே இன்றும் எம் முதுகுக்கு மருந்து பூசுகிறார்.

நமது கடமை

நான்கு ஆண்டுகள் கழித்து நாம் எப்படித் திரும்பி வந்தோம் தெரியுமா? மருந்து மட்டும் கொண்டுவரவில்லை. சங்கத்து நண்பர் ஒருவர் வீடு தேடி வந்தார். செதில் உதிரும் எம் கையைத் தம் இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, வாங்க. பஜனைக்கு ஆள் காணாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலை வந்தோம். மறு வாரம் கிளினிக்குக்கும் அவரே கூட வந்து, காலை முதல் மதியம் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் வைத்தியம் படித்தவர் அல்லர். எமக்கு வைத்தியம் தொடங்கியது அவரிடத்தில்தான்.

ஆகவே இளைஞர்களே, மூன்று காரியம் கேட்கிறோம். வெளித் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வருவோருக்கு வழிகாட்டவும், வேண்டுமாயின் பஸ் காசு கொடுக்கவும், சங்கத்தில் இருவரை நியமியுங்கள். தோலில் திட்டோடு தனித்து இருக்கும் ஒருவரையேனும் இந்த ஆண்டு வீடு தேடிச் சென்று அழைத்து வாருங்கள். மூன்றாவது, வருகின்ற மகேசுர பூசையில் திட்டு உண்டென்ற காரணத்தால் எவரையும் பந்தியிலிருந்து எழுப்பவோ விலக்கவோ வேண்டாம். கையிலே நீர் வடியும் புண் இருந்தால், அது எந்தப் புண்ணாயினும், ஆறும் வரை பரிமாறாதிருப்பது சுத்தம். காய்ந்த செதிலுக்கு அந்த விதி இல்லை. கையைக் கழுவிவிட்டுக் கரண்டியை எடுக்கட்டும்.

பெரியோர்களே, இளைஞர் கரண்டி எடுக்கும்போது பந்தியில் இருப்போர் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் இலையை நீட்டினால் எல்லோரும் நீட்டுவார்கள்.